பூங்குழலி மறுபடியும் படகு ஏறலாமா?

பிள்ளைகளே, எங்கள் திரேஸ்புரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"டீச்சர், பொன்னியின் செல்வன் ஆறாம் பாகம் எழுதுறேன். எங்க அண்ணன் அது தப்புங்கான். கல்கி முடிச்ச கதையில கைவைக்க நீ யாருன்னு கேக்கான். தப்பா டீச்சர்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதிகாரிகள் முதலில் ஆள்விட்டுக் கடலடியில் உள்ள பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை எடுத்துவரச் செய்வார்கள். திறந்து பார்த்து, முத்து நன்றாக விளைந்திருந்தால்தான் குளிக்க அனுமதி. நானும் நோட்டைத் திறந்து பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணன் கேட்ட கேள்வியைப் பார்ப்போம். ஏனென்றால், 2022லும் 2023லும் இரண்டு பாகமாகப் படம் வந்த பிறகு, உங்களில் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு? மூணாம் பாகம் வருமா?"

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடராக ஆரம்பித்தது. 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்கள்! வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் கடைசி அத்தியாயம் வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டைக்குப் போனார்கள். 'திடீரென்று முடித்துவிட்டீர்களே' என்று கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லவே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. ஆக, உங்கள் கேள்விக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது!

சட்டப்படி தொடர்ச்சி எழுதலாமா? எழுதலாம். ஓர் எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டு ஆனால், அவர் எழுத்து நம் நாட்டில் பொதுச்சொத்து ஆகிவிடும். கல்கி விஷயத்தில் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கவில்லை. அவருடைய நூற்றாண்டு வந்த 1999இலேயே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால்தான் பொன்னியின் செல்வனை இத்தனை பதிப்பகங்கள் அச்சிட முடிகிறது. சட்டம் தடுக்காது. ஆனால், சட்டம் தடுக்காததெல்லாம் நல்ல கதையாகிவிடுமா என்ன?

ஏற்கெனவே எழுதியும் இருக்கிறார்கள். 'அமுதசுரபி' ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' என்ற நாவலைப் பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுதினார். பாலகுமாரன் ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய கதையை 'உடையார்' என்று ஆறு பாகங்களில் எழுதினார். அது தொடர்ச்சி அல்ல, தனிக்கதை. இரண்டையும் விரும்பிப் படித்தவர்கள் ஏராளம். இவை வந்ததால் கல்கியின் ஐந்து பாகத்தில் ஒரு வரியாவது அழிந்ததா? இல்லையே!

அதுமட்டுமா, கல்கியே என்ன செய்தார் பாருங்கள். முதலில் 'பார்த்திபன் கனவு' எழுதி முடித்தார். பிறகு, அந்தக் கதைக்கு முன்னால் நடந்தவற்றைச் 'சிவகாமியின் சபதம்' என்று எழுதினார். அதாவது, முன்னோக்கிப் போகாமல் பின்னோக்கிப் போனார். பின்னால் வந்த புத்தகம்தான் பெரியது. சிறந்ததும் அதுதான் என்பேன்.

அம்புலிமாமாவின் வேதாளத்தை உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். பழைய நூலில் வேதாளம் சொன்ன கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாவிலோ மாதாமாதம் புதிதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. 'இருபத்தைந்தோடு நிறுத்து' என்று யாரும் கேட்கவில்லை. காரணம், வேதாளம் திரும்ப மரத்தில் ஏறிக்கொண்டால் போதும், அடுத்த கதைக்கு இடம் வந்துவிடும். பொன்னியின் செல்வன் அப்படி இல்லை. கையில் கிடைக்கவிருந்த மணிமகுடத்தை அருள்மொழி இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதில் முடிகிற கதை. அடுத்த அத்தியாயத்திலேயே அவருக்கு முடிசூட்டினால் விட்டுக்கொடுத்ததற்கு என்ன மதிப்பு?

வெளிநாட்டிலும் இந்த வழக்கு உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் அலுத்துப்போய், கோனன் டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் விழவைத்தார். வாசகர்கள் விடவில்லை. கடைசியில் 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ஹாரி பாட்டர் ஏழாம் புத்தகம் 2007இல் முடிந்தது. 2016இல் ஹாரியின் மகனைப் பற்றி லண்டனில் ஒரு நாடகம் போட்டார்கள், அதைப் புத்தகமாகவும் விற்றார்கள். மேடையில் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். புத்தகமாகப் படித்த பழைய வாசகர்கள் பலர், 'இது எங்கள் ஹாரி இல்லை' என்று முகம் சுளித்தார்கள்.

சரி, அந்த நோட்டுக்கு வருவோம். (பொன்னியின் செல்வனை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். ரகசியம் உடைந்துவிடும்!)

கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலியை நினைவிருக்கிறதா? நடுக்கடலிலும் பயமில்லாமல் படகு விடுவாளே, அவள்தான். நாவலின் கடைசியில், பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவருகிறது. பூங்குழலி அவனை மணந்து மகாராணி ஆகிவிடுகிறாள். படத்தில் இந்தத் திருப்பமே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் படித்த நம் சிறுமிக்குத் தூக்கம் போயிற்று. "அவ இனிமே கடலுக்கே போகமாட்டாளா டீச்சர்? தஞ்சாவூர்ல கடலே இல்லையே!" அவள் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். கடல் இல்லாத ஊரில் ஒருத்தி எப்படி இருப்பாள் என்பது அவளுக்கு உண்மையான கவலை.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. அவள் வயதில் நான் இரவல் வாங்கிப் படித்த பைண்டு புத்தகத்தில் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நானே ஒரு முடிவு கட்டினேன். அதில் பூங்குழலி சோழர் கப்பற்படைக்குத் தலைவி! பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது உண்மையான முடிவைப் படித்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம்! இன்றைக்கும் என் முடிவுதான் எனக்குப் பிடிக்கும். கல்கி மன்னிக்கட்டும்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி வேண்டுமென்றே மூட்டமாக விட்டார். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில் உள்ள கல்வெட்டு, அந்தக் கொலைக்காகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. அதற்குமேல் நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆறாம் பாகம் எழுதுகிறவர், 'இதோ இவன்தான், இப்படித்தான்' என்று ஒரே போடாகப் போட்டால், நீங்களும் நானும் மண்டையை உடைத்துக்கொள்ளும் சுகம் போய்விடும். மாறாக, உத்தம சோழர் ஆண்ட சுமார் பதினைந்து ஆண்டுகள், அதாவது 985இல் ராஜராஜன் முடிசூடும் வரை, அருள்மொழி எப்படிப் பொறுமையாக இருந்தார்? அதைப் பற்றிக் கல்வெட்டுகள் அதிகம் பேசவில்லை. அங்கே ஒரு கதைக்கு இடம் இருக்கிறது.

குந்தவையும் வந்தியத்தேவனும் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவர் வரலாற்றைப் படித்துவிட்டு எழுதட்டும். பூங்குழலி கல்கியின் கற்பனை. அவளை எடுத்துக்கொள்கிறவர், 'இவள் கல்கியிடமிருந்து வந்தவள்' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுமியிடம் இதைத்தான் சொன்னேன். 'ஆறாம் பாகம்' என்ற தலைப்பை அங்கேயே அடித்துவிட்டு, வேறு பெயர் வைத்தாள். அது என்ன பெயர் என்று சொல்லக்கூடாதாம். அண்ணன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், தினமும் தங்கைக்குத் தெரியாமல் நோட்டை எடுத்துப் படிக்கிறானாம்!

இப்போது நான்காம் அத்தியாயம் நடக்கிறது. மகாராணி இரவோடு இரவாகத் தஞ்சையிலிருந்து கோடிக்கரைக்குப் புறப்பட்டுவிட்டாள். சுமார் நூறு கிலோமீட்டர். மாட்டுவண்டியில் எத்தனை நாளாகும், அந்தக் காலத்தில் துடுப்பை எந்த மரத்தில் செய்வார்கள் என்று என்னிடம் கேட்டாள். முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது எனக்குத் தெரியாது. கரையில் படகு செப்பனிடும் தாத்தாவிடம் கேட்கப் போயிருக்கிறாள்.