அல்லாஹ் விலக்களித்தவரை நாம் தண்டிப்பதா?

சித்தம் கலங்கியவரின் செயல், அவர் தெளியும்வரை ஏட்டில் பதியப்படுவதில்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வீட்டிலோ அவர்களைப் பூட்டி வைக்கிறோம்! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டோர் தீயில் சிக்கினர். 28 பேர் மாண்டனர். குற்றமற்ற மனநோயாளிகளைச் சிறையிலிடுவது சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் 1993-லேயே தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்து, சமூகத்தில் வாழும் உரிமையையும் அளித்தது.

சிறைக்கதவு திறந்தால் போதுமா, சகோதரர்களே? வெளியே வருபவரை ஏற்பது யார்? "குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீடு" என்று உறவினர்கள் ஒதுங்குகிறார்கள். தறியோசை ஓயாத நம் காஞ்சிபுரத்தில் தார் சுற்ற ஒரு கை எப்போதும் வேண்டும். மாத்திரை உண்டு தெளிந்தவருக்கு அதை மறுப்பது மார்க்கமா, மானக்கேட்டின் அச்சமா? அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். மாதந்தோறும் அவரை அங்கே அழைத்துச் செல்ல ஜமாஅத் ஓர் ஆளை அனுப்பலாகாதா?