உம்மாவின் குரலும் ஒரு வன்தட்டும்



வீட்டில் ஒரு பொருள் பழுதாகப் போகிறது என்பதை முதலில் அறிபவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மாறுவதும், மின்விசிறியின் சுழற்சி தளர்வதும், எரிவாயு அடுப்பின் சுவாலை மஞ்சளாவதும் அவருடைய காதிலும் கண்ணிலும்தான் முதலில் படும். ஆண்களாகிய நாம் பொருள் நின்றுபோன பிறகே விசாரணையைத் தொடங்குவோம். புகழ்ச்சிக்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் விலை கொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

எங்கள் வீட்டில் மேசைக் கணனி ஒன்று உண்டு. பிள்ளைகள் அதில் கடந்தகால வினாத்தாள்களைப் பார்ப்பார்கள். இரவில் நான் மாணவருக்கான பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வேன். அயலவர் பன்னிரண்டு பேர் சேர்ந்து போடும் சீட்டின் கணக்கை என் மனைவி அதில் எழுதி வந்தார். இவை எல்லாவற்றையும் விட, மௌத்தாகிவிட்ட என் உம்மாவின் குரல் அதில் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னது, வட்டிலப்பத்தின் பக்குவம் சொன்னது, சும்மா ஊர்க்கதை பேசியது என்று 14 ஒலிப்பதிவுகள்.

ஒருநாள் மாலை மனைவி என்னை அழைத்தார்.

“இஞ்ச பாருங்க, இந்தப் பொட்டிக்குள்ள ஏதோ டிக் டிக் எண்டு கேக்குது.”

“பழைய சாமான்தானே, வயசு போனா முனகத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

மூன்று வாரங்கள் சென்றன. கோப்பு ஒன்றைத் திறந்தால் தேநீர் ஊற்றிக் குடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு சில படங்கள் பாதி தெரிந்தும் பாதி சாம்பல் நிறமாகவும் திறந்தன. அப்போதுதான் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, வன்தட்டு முழுவதையும் பரிசோதித்துத் திருத்தும் ‘செக் டிஸ்க்’ வேலையை இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் கணனி எழும்பவே இல்லை.

என்னிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கணனித் துறையில் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹஸ்ரத், சாகக் கிடக்கிற ஆளை எழுப்பி ஓட்டப் பந்தயம் வெச்ச மாதிரி செஞ்சிட்டீங்களே!”

அவரிடம் கேட்டும், பின்னர் தேடி வாசித்தும் நான் அறிந்துகொண்டவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். என் தவறை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

உள்ளே இருப்பது என்ன?

நாம் எழுதுவதும் சேமிப்பதும் போய்த் தங்கும் இடம்தான் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய அலுமாரி தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துக்களை மாத்திரமே. இன்று கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

உள்ளமைப்பின் தத்துவம் இன்றும் அதுதான். காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். அவற்றின் மேல் வாசிக்கும் தலை ஒன்று தட்டைத் தொடாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளி தலைமுடியின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். சிறு தூசோ, ஒரு குலுக்கலோ போதும். தலை தட்டில் உராய்ந்து, எழுதி வைத்ததைச் சுரண்டிவிடும்.

மின்சாரம் சட்டென்று போனால் தலை தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாகிவிடக் கூடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறினால் நாடே இருளில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வேளைகளில் கணனியை ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடங்களைத் தருவதுதான் யூ.பி.எஸ். என்ற மின்கலப் பெட்டி.

எச்சரிக்கும் அடையாளங்கள்

வன்தட்டு கெடும்போது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ பலவோ தெரியும். ஒழுங்கான இடைவெளியில் ‘டிக் டிக்’ அல்லது உராயும் சத்தம். வழமையாக நொடியில் திறந்த கோப்பு நிமிடக் கணக்கில் இழுத்தல். படங்கள் பாதியாகத் திறத்தல். கோப்புகளின் பெயர்கள் புரியாத எழுத்துக்களாக மாறுதல். வேலையின் நடுவே கணனி உறைந்து நிற்றல். வன்தட்டே சில வேளை கணனியின் பட்டியலில் தோன்றிச் சில வேளை மறைதல்.

ஆனால் எல்லாக் குற்றத்தையும் வன்தட்டின் மேல் சுமத்திவிடவும் கூடாது. தளர்ந்த வயரும் போதாத மின்சாரமும் இதே அடையாளங்களைக் காட்டும். தூசு பிடித்த விசிறியும் சத்தம் போடும். ஆகவே ஒழுங்கு முறையாகப் பார்க்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

முதலாவது: ‘டிக் டிக்’ அல்லது உராயும் சத்தம் கேட்டால் உடனே கணனியை நிறுத்துங்கள். “இன்னும் ஒருக்கா போட்டுப் பார்ப்போம்” என்று திரும்பத் திரும்பப் போட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சேதம் கூடலாம்.

இரண்டாவது: சத்தம் இல்லை, வேகக் குறைவு மாத்திரம்தான், கோப்புகள் இன்னும் திறக்கின்றன என்றால், வேறெதையும் செய்வதற்கு முன் பிரதி எடுங்கள். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மீண்டும் பெற முடியாதவை முதலில்: குடும்பப் படங்கள், குரல்கள், கணக்குகள், பிள்ளைகளின் வேலைகள். மென்பொருட்களை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். அவற்றுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். பிரதியை இன்னொரு வன்தட்டில் அல்லது பென் ட்ரைவில் எடுங்கள். அதே வன்தட்டின் வேறொரு பகுதியில் எடுப்பது, எரியும் வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சாமான் மாற்றுவது போன்றது.

மூன்றாவது: பிரதி கிடைத்த பின் வயர்களைக் கவனியுங்கள். கணனியை நிறுத்தி, மின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். வன்தட்டுக்குச் செல்லும் தரவு வயரையும் மின் வயரையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்துங்கள். வெளியே இணைக்கும் வன்தட்டாயின் வேறு வயரும் வேறு யூ.எஸ்.பி. துவாரமும் மாற்றிப் பாருங்கள்.

நான்காவது: வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏட்டை வாசியுங்கள். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதனைக் காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. அதில் மூன்று வரிகளை விசேடமாக அவதானியுங்கள். 05 என்பது பழுதான இடத்துக்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். சி6 என்பது திருத்தவே முடியாமற் போனவை. இவற்றில் பூச்சியம் அல்லாத எண் இருந்து அது நாளுக்கு நாள் கூடினால், புதிய வன்தட்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது. சி7 மாத்திரம் கூடினால் பெரும்பாலும் குற்றவாளி வயர்தான்.

கூகுள் நிறுவனத்தார் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வன்தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பரிசோதனையில் முதலாவது வாசிப்புப் பிழை தோன்றிய வன்தட்டு, பிழையில்லாததைக் காட்டிலும் 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டனர். அதே அறிக்கையில் இன்னொரு பாடமும் உண்டு. செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ‘ஸ்மார்ட்’ அடையாளங்களில் ஒன்றையேனும் காட்டியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது: ‘செக் டிஸ்க்’ போன்ற நீண்ட பரிசோதனைகள் எல்லாம் பிரதி கையில் வந்த பிறகுதான். நான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். அந்தப் பரிசோதனை நலிந்த வன்தட்டை மூலை முடுக்கெல்லாம் மணிக்கணக்கில் வாசிக்க வைக்கிறது; போதாததற்குத் திருத்துகிறேன் என்று எழுதவும் செய்கிறது.

கணனி எழும்பவே இல்லை என்றால், உபுண்டு போன்ற இயங்குதளத்தைப் பென் ட்ரைவிலிருந்து இயக்கிக் கோப்புகளை எடுக்க முயலலாம். பழுது அதிகமானால் ‘டி.டி. ரெஸ்கியூ’ என்ற இலவசக் கருவி உண்டு. அது இலகுவாக வாசிக்கக் கூடியதை முதலில் இன்னொரு வன்தட்டுக்கு எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஆனால் எது பழையது, எது புதியது என்று மாறிவிட்டால் இருப்பதும் அழிந்துவிடும். பழக்கமுள்ளவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன். தட்டிப் பார்ப்பதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் அது போலவே. திறப்பதற்குத் தூசு வடிகட்டப்பட்ட விசேட அறை வேண்டும்.

புதிய கணனிகளில் எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத சேமிப்பகம் இருக்கும். அது சத்தமே போடாது. முன்னறிவித்தல் எதுவுமின்றி ஒரே நாளில் நின்றுவிடவும் கூடும். அதை வைத்திருப்பவர்களுக்குப் பிரதி இன்னும் அவசியம்.

கடைக்குக் கொடுக்கும்போது

சகோதரிகள் இதனைக் கவனமாக வாசிக்க வேண்டும். நம் வன்தட்டில் கலியாண வீட்டுப் படங்கள் இருக்கும். வீட்டுக்குள் பர்தா இல்லாமல் எடுத்தவையும் இருக்கும். கணனியைக் கடையில் விட்டுவிட்டு வருவது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதைப் போன்றதுதான். திருத்துபவருக்கு அது அமானிதம். ஆனால் அமானிதத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்ப்பது நம் பொறுப்பு. பழுது வேறு பாகத்தில் என்று தெரிந்தால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். வன்தட்டையே கொடுக்க வேண்டுமானால், நம்பிக்கையானவரிடம், முடிந்தால் வீட்டார் ஒருவர் கூட இருந்து செய்வியுங்கள். “உள்ளே உள்ளவை எனக்கு வேண்டும், போர்மட் செய்ய வேண்டாம்” என்று எழுதிக் கொடுங்கள். சிலர் விண்டோஸை மீண்டும் போட்டுவிட்டு “சரியாக்கிட்டேன்” என்று தருவார்கள்.

விண்டோஸ் 11 உள்ள சில கணனிகளில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி தேவைப்படலாம். கணனி நலமாக இருக்கும்போதே அதைத் தேடி எழுதி வையுங்கள்.

கோப்புகளை அழித்துவிட்டால் அவை போய்விட்டன என்று எண்ண வேண்டாம். பழைய வன்தட்டிலிருந்து அவற்றை மீட்க முடியும். ஆகவே பழைய இரும்புக்காரரிடம் அதை அப்படியே கொடுக்காதீர்கள். தட்டுகளைத் துளைத்துப் பயனற்றதாக்கிய பின் கொடுங்கள்.

வருமுன் காத்தல்

முக்கியமானவை மூன்று பிரதிகளாக இருக்கட்டும். இரண்டு வகையான சேமிப்பகங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே, ஒரு ராத்தா வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். மாதந்தோறும் மின்கட்டணப் பட்டியல் வரும் நாளைப் பிரதி எடுக்கும் நாளாக்கிக்கொள்ளலாம். எடுத்த பிரதியில் ஓரிரு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல.

எங்கள் வன்தட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த மாணவர் இரண்டு நாட்கள் முயன்றார். பாடக் குறிப்புகளும் படங்களில் பெரும் பகுதியும் வந்தன. உம்மாவின் 14 பதிவுகளில் 11 வந்தன. வராத மூன்றில் ஒன்று வட்டிலப்பப் பக்குவம். அதைத் தங்கச்சி மனப்பாடமாக அறிவாள், சொல்லித் தந்தாள். ஆனால் சர்க்கரையின் அளவைச் சொல்லும்போது உம்மா நடுவில் சிரித்த சிரிப்பை அவளால் சொல்லித் தர முடியவில்லை.

சீட்டுக் கணக்குக் கோப்பும் வரவில்லை. நான் கவலையோடு மனைவியிடம் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வைத்தார். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொருவரின் பெயருக்கு நேரே, சதம் பிசகாமல் எழுதப்பட்டிருந்தது.

“ரெண்டிலயும் எழுதினீங்களா?” என்று கேட்டேன்.

“அடுத்தவங்கட காசு. ஒரு இடத்துல மட்டும் எழுதி வெச்சா மனசு கேக்குமா?” என்றார்.

மூன்று பிரதி, இரண்டு வகை என்று நான் இப்போது உங்களுக்கு எழுதுவதை அவர் எப்போதோ செய்து வந்திருக்கிறார். இப்போதெல்லாம் “ஏதோ சத்தம் கேக்குது” என்று அவர் சொன்னால், கையில் இருப்பதை வைத்துவிட்டு உடனே எழுந்து போய்ப் பார்க்கிறேன்.