நீங்கிய சாயம் எங்கே போனது?

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களில் முதலில் நிற்பது நீங்கல். 'நீரிலிருந்து சாயம் நீங்கியது' என்று எழுதினால், எதிலிருந்து என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. எதில் போய்த் தங்கியது என்று சொல்ல ஏழாம் வேற்றுமை வேண்டும். களிமண்ணையும் அதையொத்த அடுக்குக் கனிமங்களையும் கொண்டு சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்குவது பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் கட்டுரைகளில் மிகப் பல, ஐந்தாம் வேற்றுமையோடு முடிந்துவிடுகின்றன. ஏழாம் வேற்றுமை அவற்றில் வருவதே இல்லை. இது மொழிநடையின் குறை அன்று, ஆய்வின் குறை.

அக்கட்டுரைகளின் அமைப்பு எல்லோரும் அறிந்தது. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயம் கரைக்கப்படும். அதில் களிமண் இட்டுக் குலுக்கப்படும். நிறமாலைமானியில் நிறம் குறைந்திருக்கும். லாங்மியர் 1918இல் தந்த சமவெப்பக் கோட்டில் புள்ளிகள் அமரும். போலி இரண்டாம் வகை வேகச் சமன்பாட்டில் ஒட்டுறவுக் கெழு 0.99ஐத் தாண்டும். '98 விழுக்காடு நீக்கம்' என்ற வரியோடு முடிவுரை நிறைவுறும். களிமண்ணின் பெயரும் சாயத்தின் பெயரும் மாறினால் அடுத்த கட்டுரை ஆயத்தம்.

அந்தச் சாயம் பெரும்பாலும் மெத்திலீன் நீலமாக இருப்பது தற்செயல் அன்று. மான்ட்மோரிலோனைட் போன்ற களிமண்ணின் அடுக்குகள் எதிர்மின்சுமை உடையவை. மெத்திலீன் நீலம் நேரயனி. இரண்டும் ஒட்டிக்கொள்ளாவிட்டால்தான் வியப்பு. வார்ப்பட ஆலைகளிலும் எண்ணெய்க் கிணறு தோண்டும் பணிகளிலும் பென்டோனைட்டின் தரத்தை அளப்பதற்கே மெத்திலீன் நீலத்தைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். களிமண்ணை அளக்கும் கோலை எடுத்து, அந்தக் கோலைக் களிமண் பிடித்துக்கொண்டது என்று அறிவிப்பது எப்படிக் கண்டுபிடிப்பாகும்?

பருத்திக்குச் சாயமேற்றும் பட்டறையின் கழிவுநீரில் இருப்பதோ வேறு. அங்கே மிகுதியாகப் புழங்குபவை ரியாக்டிவ் சாயங்கள். அவை சல்போனேட் தொகுதிகளைச் சுமந்த எதிரயனிகள். எதிர்மின்சுமை கொண்ட களிமண் அவற்றைத் தள்ளிவிடும். ஆகவே ஹைட்ரோடால்சைட் போன்ற இரட்டை ஹைட்ராக்சைடு அடுக்குகளை நாடுகிறார்கள். மக்னீசியமும் அலுமினியமும் கலந்த அவ்வடுக்குகள் நேர்மின்சுமை உடையவை; இடைவெளிகளில் எதிரயனிகளை ஏற்பவை. தேர்வு சரியானதே. ஆனால் அந்த இடைவெளிகளில் மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் எதிரயனிகளில் ஒன்று கார்பனேட். ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தியில் பிடிக்கவைக்கத் தொட்டியில் கொட்டப்படும் சோடா ஆஷ் என்பது சோடியம் கார்பனேட்டேதான். அதனோடு லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பும் சேர்கிறது. கழிவுநீரில் சாயம் இருப்பதோ மில்லிகிராம் கணக்கில். வடித்த நீரில் போட்டியின்றி வென்ற கனிமம், இந்தக் கூட்டத்தில் எவ்வளவு சாயத்தைப் பிடிக்கும்? அதைச் சொல்லாத விழுக்காடு ஏட்டுச் சுரைக்காய்.

போட்டியிலும் வென்றது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டறை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருக்கிறது. அப்படியானால் நாளுக்கு 10 கிலோ சாயம். ஒரு கிராம் கனிமம் 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தால், நாள்தோறும் 100 கிலோ கனிமம் வேண்டும். மாலையில் அது நீரை உறிஞ்சிப் பருத்த சாயக் கசடாக மாறி நிற்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் வேதிக் கசடு 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 10 கிலோ சாயத்தை நீக்கியதாகச் சொல்லும் கட்டுரை, 110 கிலோவுக்கும் மேற்பட்ட கசடை உருவாக்கியதாகச் சொல்வதில்லை. தன் வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வாசலில் கொட்டியவர், வீடு தூய்மையாயிற்று என்று சான்றிதழ் கேட்பது போன்றது இது.

மீட்டெடுக்கலாம் என்பது வழக்கமான மறுமொழி. காரத்தாலோ உப்புநீராலோ ஆல்கஹாலாலோ கழுவினால் சாயம் வெளியேறும். மீண்டும் சாயநீராகவே வெளியேறும். ஹைட்ரோடால்சைட்டைச் சுமார் 500 பாகை செல்சியசில் சுட்டால் சாயம் எரிந்துபோகும். ஆக்சைடாக மாறிய கனிமம் நீரில் இட்டதும் பழைய அடுக்குகளை மீண்டும் கட்டிக்கொள்ளும். அழகான பண்புதான். அதற்கான எரிபொருளுக்கும் எரியும்போது எழும் வாயுவுக்கும் சுழற்சிக்குச் சுழற்சி குறையும் திறனுக்கும் யார் கணக்கு எழுதுவது?

அடிப்படை அறிவியல் உடனடிப் பயனுக்குக் கட்டுப்பட்டதன்று என்று சொல்வோர் உண்டு. உண்மை. அயனிகள் அடுக்குகளுக்குள் எப்படி நுழைகின்றன என்று ஆராயும் கட்டுரையை எவரும் ஆலைக்கு இழுத்துச் செல்லத் தேவையில்லை. ஆனால் முன்னுரையில் ஆறுகள் சாவதைச் சொல்லி அனுதாபம் பெற்று, முடிவுரையில் 'குறைந்த செலவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு' என்று உறுதி கூறும் கட்டுரை அந்தச் சலுகையைத் தானே துறந்துவிடுகிறது. ஆற்றின் பெயரால் நிதி கேட்டவர் ஆற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

எங்கே போனது என்ற கேள்வி வெறும் இலக்கண விளையாட்டு அன்று. திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பிறகு வலுப்பெற்ற பூச்சியக் கழிவு வெளியேற்றம் நொய்யலில் கலந்ததை ஆலைக்குள்ளேயே நிறுத்த முயன்றது. கலப்பு உப்பும் கசடும் கிடங்குகளில் தங்கின. நீரிலிருந்து நீங்கியது உலகிலிருந்து நீங்கவில்லை.

பெரிய மாற்றம் எதுவும் கோரப்படவில்லை. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாவது உண்மையான பட்டறைக் கழிவுநீரில் நிகழட்டும். கார்பனேட்டும் உப்பும் உடனிருக்கையில் கிடைக்கும் அளவு தனியே அச்சாகட்டும். பயன்படுத்திய கனிமத்தை மழைநீரை ஒத்த அமிலத்தன்மையில் ஊறவைத்து எவ்வளவு சாயம் கசிகிறது என்று அளக்கட்டும். செங்கல்லிலோ நிறமியிலோ அதைப் பூட்டிவைக்க இயலுமா என்று சோதிக்கட்டும். இவை இல்லாத ஆய்வேட்டை நெறியாளர் திருப்பி அனுப்பட்டும். புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: சாயம் இப்போது எதில் இருக்கிறது?

பார்மேரிலும் கட்சிலும் பென்டோனைட் மண்ணுக்குள் கிடக்கிறது. அதே மேற்கு ராஜஸ்தானில் பாலோத்ராவின் சாயம் லூணி ஆற்றிலும் பாலியின் சாயம் பாண்டி ஆற்றிலும் கலக்கின்றன. கட்சுக்கு அப்பால் ஜெத்பூரின் சாயம் பாதர் ஆற்றில் சேர்கிறது. மருந்தும் நோயும் இத்தனை அருகில் இருக்கையில், இரண்டுக்கும் நடுவே கிடப்பது காய்ச்சி வடித்த நீர் நிரம்பிய ஒரு குடுவை. ஆய்வு அந்தக் குடுவையைக் கடக்கும்வரை, 98 விழுக்காடு என்பது கட்டுரைக்குத்தான் மதிப்பெண், ஆற்றுக்கு அன்று.