சென்டர் பின்னும் நுகர்வோர் என்ற பெயரும்

2018இல் கேனான் 1500டி, 3000டி. 2019இல் 200டி மார்க் 2. மூன்றின் ஹாட் ஷூவிலும் சென்டர் பின் இல்லை. ஒரு மாடலில் இல்லையென்றால் சிக்கனம் என்று விட்டுவிடலாம். மூன்றில் இல்லையென்றால் அது கம்பெனியின் முடிவு. ஆகவே இந்த இதழும் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும்: ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இந்த மூன்று பாடிகளையும் வாங்க வேண்டாம்.

விளைவு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். டிரிகர் ஷூவில் உட்காரும், லைட் அடிக்காது. சிம்பெக்ஸ், கோடாக்ஸ் எதுவாக இருந்தாலும், நாம் பயன்படுத்தும் சாதாரண டிரிகருக்கு ஷட்டர் திறந்ததைச் சொல்வது அந்த ஒரு பின்தான். மீதி நான்கு முனைகளிலும் ஓடுவது கேனானின் சொந்த மொழி. இந்தப் பாடிகளில் பி.சி. சாக்கெட் கிடையாது. ஷூவில் மாட்டும் சிங்க் கார்டு அடாப்டரும் அதே பின்னையே தேடும் என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாப்-அப் ஃபிளாஷால் ஸ்லேவ் செல்லைத் தூண்டுவது. இ-டிடிஎல் முன்னொளிக்கே லைட்டுகள் அடித்து ஓய்ந்துவிடும். எனவே நட்சத்திரக் குறியிட்ட பட்டனை அழுத்தி எஃப்.இ. லாக் போட்டு, லைட்டுகள் மறுபடி சார்ஜ் ஆனபின் கிளிக் செய்யுங்கள். முன்னொளியை ஒதுக்கிவிடும் எஸ்2 மோட் உள்ள லைட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றொன்று, கேனான் ஸ்பீட்லைட் ஒன்றை மேனுவலில் 1/64க்கோ 1/128க்கோ இறக்கி, தலையைக் கூரைப் பக்கம் திருப்பி வைப்பது. மேனுவலில் முன்னொளி இல்லை. 1/200 என்ற சிங்க் வரம்பு இரண்டிலும் அப்படியே இருக்கிறது. நான்கு சுவருக்குள் இவை போதும். மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தன் கேமராவில் ஃபிளாஷ் போட்டால் நம் லைட்டும் சேர்ந்து அடிக்கும். நாம் கிளிக் செய்யும்போது சார்ஜ் இருக்காது. வெயிலில் ஸ்லேவ் செல்லுக்குக் கண்ணே தெரியாது.

பின்னைத் தேடாமல் கேனான் மொழியே பேசும் டிரிகர்கள் பின்னர் வந்தன. ஆனாலும் அது நம் பணத்தில் வாங்கும் மாற்று. நம் ஊர்களில் பாடி சில ஆண்டுகளில் மாறும், லைட் மாறாது. கல்லாவியிலும் சாமல்பட்டியிலும் ஊத்தங்கரையிலும் பத்தாண்டுக்கு முன் வாங்கிய லைட்டுகள் இன்றும் அடிக்கின்றன. குறைந்த விலையில் வரும் பாடிதான் நம்மிடம் பாஸ்போர்ட் படத்துக்கும் உதவியாளர் கைக்கும் போகும் இரண்டாவது கேமரா. அதிலிருந்து பின்னை எடுத்தால் பழைய லைட்டுகள் மொத்தமும் அதற்குப் பயன்படாமல் போகின்றன.

ஷூவின் அளவைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 518ம், சிங்க் மின்னழுத்தத்தைப் பற்றிய ஐ.எஸ்.ஓ. 10330ம் விருப்பத் தரங்களே. மீறினால் தண்டனை இல்லை. மினோல்டா 1988இல் தனி ஷூ கண்டது. அந்தக் கேமராத் தொழிலை வாங்கிய சோனி 2012இல் பொது அளவுக்கே திரும்பியது. நிக்கான் டி3500இல் பின் இருக்கிறது. கேனானிலேயே பழைய 1300டியிலும் முதல் 200டியிலும் இருக்கிறது. பட்ஜெட் இடிக்கிறவர்கள் அவற்றைப் பழையதாகத் தேடுங்கள்.

கேமரா பற்றிய பேச்சு இத்துடன் போதும். நாடாளுமன்றம் 2019 ஆகஸ்டில் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. வாங்கும் பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது சட்டம். ஷூவில் பின் இல்லை என்று கவுன்டரில் சொல்லாமல் விற்பது இந்த உரிமையில் கைவைப்பதாகாதா? இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வியாபாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. புதிய சட்டத்தில் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். ஓசூர் தாண்டி பெங்களூரு போய் கேமரா வாங்கும் நமக்கு, கிருஷ்ணகிரியிலேயே வாசல் திறக்கிறது. சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்த வாசலில் நிற்க நாம் நுகர்வோரா? இந்த இதழ் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. வணிக நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. பழைய சட்டத்தில் இருந்த இந்த வாசகம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒருவர் இருவர் ஒத்தாசைக்கு இருப்பதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை. பிறரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டால் கதை வேறு. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார்.

சட்டம் எழுதியவர்கள் எவரும் ஒரு முகூர்த்த நாளில் நம்முடன் நின்றதில்லை. ஒரே நாளில் மத்தூரில் கல்யாணம், பர்கூரில் மஞ்சள் நீராட்டு விழா. தம்பி ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறான். அண்ணன் இங்கே நிற்கிறார். தம்பி கையில் இருக்கும் கேமரா "தானே பயன்படுத்துவது" ஆகுமா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுப்பும் ஆட்சேபணை இதுவாகத்தான் இருக்கும். லைட் அடித்ததா என்ற கேள்விக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடும்.

மின்வாரியத்துக்கு நாம் வணிகர். ஐந்தாம் பட்டியல் கட்டணம் தவறாமல் வருகிறது. உள்ளாட்சிக்கு நாம் வணிகர். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. ஜி.எஸ்.டி. மட்டும் நம்மை வணிகராகப் பார்க்காது. டிஜிட்டல் கேமரா வரி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18ஆக இறங்கியது உண்மைதான். ஆனால் 20 லட்சத்துக்குக் கீழே பதிவில்லாமல் தொழில் செய்யும் நமக்கு உள்ளீட்டு வரி திரும்பாது. அந்த 18 சதவீதமும் அடக்க விலையிலேயே நிற்கும். வசூலிக்க வரும்போது முதலாளி. வரியைத் திரும்பக் கேட்டால் கணக்கில் இல்லாதவர். நியாயம் கேட்டால் மறுபடியும் முதலாளி. நாம் நுகர்வோரா வணிகரா என்பதைத் தெளிவுபடுத்தச் சொல்லி நாம் கொடுத்த மனுவை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்குத் தள்ளியது. அந்த இரண்டாவது அலுவலகம் "கொள்கை சார்ந்தது" என்று ஒரே வரியில் முடித்துவைத்தது. எந்தக் கொள்கை, யாரைக் கேட்டு வகுத்தது என்று அதில் இல்லை. தேர்தல் வந்தால் நாம் எடுத்த படம்தான் வேட்பாளர் பேனரில் நிற்கிறது. வென்று போனவர்களில் ஒருவரும் நமக்காக வாய் திறந்ததில்லை.

நம் கோரிக்கை இரண்டு. பொதுச் சிங்க் முனை இல்லாத கேமராவின் பெட்டியில் அதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். புதிய சட்டத்தின் விதிகளில், குடும்பத்தாரோடும் ஓரிரு உதவியாளர்களோடும் நடக்கும் ஸ்டுடியோவைச் சுயதொழில் என்று ஐயமில்லாமல் சொல்ல வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது பில். சொன்ன பயனுக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு. பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு விலகும் என்பதும் அதே பிரிவுதான். எனவே வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். "வேறு கம்பெனி ஸ்டுடியோ ஃபிளாஷுடன், சொந்தத் தொழிலுக்கு" என்று பில்லில் எழுதி, கடை முத்திரை வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஆசிரியர்,
கல்லாவி