திரு. கக்கனும் நமது கடமையும்

நமது சங்கங்களின் ஆண்டு மகாசபைக் கூட்டங்களில் நேர்மையைப் பற்றிப் பேச எழுவோர், காலஞ்சென்ற திரு. பி. கக்கன் அவர்களின் பெயரைச் சொல்லாமல் அமர்வது அரிது. மதுரைச் சீமையின் மைந்தர் ஒருவருக்கு இத்துணைப் புகழ் நிலைத்திருப்பது நமக்கெல்லாம் பெருமையே. ஆயினும், அப்பெயரைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் அங்கத்தினர்களாகிய நாம், அவருடைய வாழ்க்கை நம்மைப் பார்த்து எழுப்பும் வினாவுக்கு இன்றளவும் விடை கூறினோமில்லை. அவ்வினாவை இங்கு ஆராய விரும்புகிறோம்.

மேலூரிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது தும்பைப்பட்டி. அவ்வூரில், ஒடுக்கப்பட்ட குலத்தில், கிராமக் கோயில் பூசாரி ஒருவரின் மகனாக 1908ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி பிறந்தவர் கக்கன். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் ஆலயத்துள் நுழைந்த சிலருள் அவரும் ஒருவர். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். 1952 முதல் 1957 வரை மதுரையின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்தார். பின்னர் சென்னை ராஜ்யத்தில் 1957இல் பொதுப்பணித் துறைக்கும், 1962இல் வேளாண்மைக்கும், 1963இல் உள்துறைக்கும் அமைச்சரானார். வைகை அணையின் வேலை அவருக்கு முன்னரே தொடங்கப்பட்டதெனினும், அது நிறைவெய்தி 1959ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெரியாற்று நீரையும் வைகை நீரையும் நம்பிப் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு அவ்வணையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பத்தாண்டுக் காலம் அணைகளும் சாலைகளும் கட்டிடங்களும் காவலும் கைவழிச் சென்ற ஒருவர், பதவியை விட்டு இறங்கியபோது சொல்லிக்கொள்ளும்படியான சொத்து எதுவும் சேர்த்திருக்கவில்லை. இதுவே அவர் பெருமை. இதுவரை யாவரும் அறிந்ததே.

அதே 1908ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் பிறந்த மற்றொருவரை இவ்விடத்தில் நினைவுகூர்வது பயனுடையது. சிக்கோ மான்சோல்ட் என்பது அவர் பெயர். உழவர் குடும்பத்தில் தோன்றி, கடலை அடைத்து மீட்ட நிலத்தில் தாமே பண்ணை நடத்தியவர். 1945 முதல் 1958 வரை தம் நாட்டின் வேளாண் அமைச்சராக இருந்து, அதன்பின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆணையத்தில் வேளாண்மைப் பொறுப்பை ஏற்று, 1972-73இல் அவ்வாணையத்தின் தலைவராகவும் விளங்கினார். விளைபொருளுக்கு உறுதியான விலை என்ற கொள்கையை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர் அவர். அக்கொள்கையால் வெண்ணெயும் பிறவும் விற்பாரின்றிக் குவிந்தபோது, சிறு பண்ணைகள் இணைந்து பெரியனவாக வேண்டுமென்று 1968இல் புதிய திட்டமொன்றை அவரே முன்வைத்தார். சினங்கொண்ட உழவர்கள் 1971ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத் தெருக்களில் பெருந்திரளாகக் கூடினர். அக்கலவரத்தில் ஓர் உயிரும் பலியாயிற்று.

கக்கனும் மக்களின் சினத்துக்கு ஆளானவரே. அவர் உள்துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. அதன் முதற்பொறிகளுள் ஒன்று நமது மதுரையிலேயே எழுந்தது. நேர்ந்த துயரங்களுக்கு அன்றைய அரசாங்கம் முழுவதும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. அவரும் அதற்கு விலக்கல்லர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் மேலூர் மக்கள் தம் ஊர்ப் பிள்ளையைத் தோற்கடித்தனர். அதனை நன்றிகேடு என்று சிலர் பேசுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவர் கை சுத்தமானது என்பதற்காக அவருடைய கட்சியின் கொள்கையை ஏற்க வேண்டுமென்ற கட்டாயம் வாக்காளருக்கு இல்லை. பதவியிலிருந்து இறக்குவது குடிமக்களின் உரிமை.

ஆனால் இறக்கிய பின் மறந்துவிடுவதும் உரிமையாகுமா? இங்கேதான் இருவர் கதைகளும் வேறுபடுகின்றன. பொதுப் பதவி வகித்து விலகியோருக்குச் சில காலம் உதவித்தொகையும் முதுமையில் ஓய்வூதியமும் கிடைக்க 1969இல் ஹாலந்து சட்டம் இயற்றியது. பதவியை இழப்பவர் பட்டினியை எண்ணி அஞ்சலாகாது என்பது அதன் உட்பொருள். இங்கேயோ, பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் நோயுற்று, மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் நோயாளிகளுள் ஒருவராகக் கிடந்தார். மதுரை முத்து அவர்களைக் காண வந்த முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன், கக்கனும் அங்கிருப்பதைக் கேள்வியுற்று நேரே சென்று கண்ட பிறகே உதவிகள் வந்தன. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி அவர் மறைந்தார். 1999இல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியாயிற்று. தும்பைப்பட்டியில் மணிமண்டபமும் எழுந்தது. முதலமைச்சர் அன்று வேறொருவரைக் காண வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது, நாம் தலைகுனியவே நேர்கிறது.

அவர் வறுமையை நாம் புகழ்கிறோம். அவ்வாறு புகழ்வதிலேயே ஒரு தீங்கு ஒளிந்திருக்கிறது. நேர்மையாளன் என்றால் வறியவனாகவே இறக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்கின்றனர். அத்தகைய விலை கொடுத்து நேர்மையை வாங்க எத்தனை பேர் முன்வருவர்? கக்கன் கொடுத்தார், அவர் மகான். ஆனால் மகான்களை நம்பி ஒரு சங்கத்தை நடத்த இயலாது. சாதாரண மனிதனும் அச்சமின்றி நேர்மையாக இருக்கக்கூடிய நிலையைப் படைப்பதுதான் ஸ்தாபனத்தின் வேலை.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நமக்கு இது தினமும் கண்ணில் படும் உண்மை. நெசவாளர் சங்கமொன்றில் விற்ற சேலைக்கும் வாங்கிய நூலுக்கும் ஓரணா பிசகாமல் கணக்கு எழுதும் காரியதரிசிக்கு மாதக்கணக்கில் சம்பளம் நிலுவை. அதைப்பற்றி மகாசபையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அவர் நல்லவர், பொறுத்துக்கொள்வார்" என்பதே விடை. வேறொரு சங்கத்தில், தகுதியற்ற கடனுக்குக் கையெழுத்திட மறுத்த தலைவர் மீது புரளி கிளப்பப்படுகிறது. அப்புரளி பொய்யென்று அறிந்தவர்களும் வாளாவிருக்கின்றனர். தணிக்கை அறிக்கையோ, வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு ஏகமனதாக நிறைவேறுகிறது. பணம் போன பின்னர், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணையும் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வையும் கேட்டு மனுக்கள் வருகின்றன. சட்டம் போன பணத்தைத் தேடித் தரலாம். போன நல்லவரைத் தேடித் தராது.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கிறோம். முதலாவது, அடுத்த மகாசபையில் தணிக்கை அறிக்கையை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணக்கைக் கேட்பது நேர்மையாளரை அவமதிப்பதாகாது. அவருக்கு அதுவே அரண். இரண்டாவது, ஊழியர் சம்பளத்தை லாபம் வந்தால் தருவதென்று வைக்காமல், செலவின் முதல் இனமாக வைக்கத் தீர்மானம் இயற்றுங்கள். உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பவர் பேராசைக்காரர் அல்லர். மூன்றாவது, தேர்தலில் ஒருவரைத் தோற்கடிக்க விரும்பினால் தாராளமாகத் தோற்கடியுங்கள். ஆனால் அவருடைய கணக்கு நேராக இருந்திருந்தால், அதனை அதே கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். நடவடிக்கைப் புத்தகத்தில் அது பதிவாகட்டும்.

இவை சிறிய காரியங்கள்தாம். பாவில் ஓர் இழை அறுந்தவுடன் முடிச்சிடுகிற நெசவாளிக்கும், மடை உடையும் முன்னரே மண் வெட்டிப் போடுகிற குடியானவனுக்கும் சிறிய காரியத்தின் மதிப்பை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கக்கன் அவர்களுக்கு மண்டபம் கட்டியாகிவிட்டது. நமது சங்கத்தில் இன்று கணக்கெழுதிக்கொண்டிருக்கும் நல்லவர், நாளை நோயுற்றால் யாரேனும் ஒருவர் தற்செயலாகக் காண வரும்வரை காத்துக் கிடக்கும் நிலை ஏற்படாதிருக்கட்டும். அதுவே நாம் அப்பெரியாருக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.