சேற்றில் இருக்கும் கிருமி, சீனி வருத்தக்காரரின் கால்

மட்டக்களப்பில் பெரும்போகம் மழையோடு தொடங்குகிறது. அதே மழைதான் மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு பக்டீரியாவையும் மேலே கொண்டுவருகிறது. அதனால் வரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். பாதத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். சிலருக்குக் கட்டி, ஆறாத புண். வேறு சிலருக்கு நியூமோனியா, ஈரலில் சீழ், இரத்தத்தில் கிருமி பரவி மரணம்.

நோய் புதியதல்ல. 1911இல் ரங்கூனில் அல்பிரட் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை அடையாளம் கண்டார்கள். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். பிறகு நெடுங்காலம் இங்கு இது அரிதான நோய் என்றே எண்ணப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏனோகா கொரயா குழுவினர் தேடத் தொடங்கிய பின்னரே தீவெங்கும் நோயாளர் இருப்பது தெரிந்தது. தேடாததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடும் மழைவெள்ளத்தை அடுத்துக் கிழக்கில் இரத்தப் பரிசோதனையில் உறுதியான 10 நோயாளர் பற்றிய ஆய்வொன்று 2021இல் வெளியானது. அவர்களிடம் இருந்த கிருமிகள் மரபணுவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அதாவது, மூடிவிட்டால் நோய் நின்றுவிடும் என்று சொல்லக்கூடிய ஒரு கிணறோ குளமோ இல்லை. கிருமி மண்ணிலேயே பரவிக் கிடக்கிறது.

இந்த மண்ணில் எல்லோரும்தான் நடக்கிறார்கள். ஆனால் கிருமி கடுமையாகத் தாக்குவது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை: முதலில் நீரிழிவுக்காரர், பிறகு சிறுநீரக நோயாளர், ஸ்டீரொய்ட் எடுப்பவர், தலசீமியா உள்ளவர், மதுவுக்கு அடிமையானவர். நீரிழிவில் பாதம் மரத்துப்போவதால் காயம் பட்டதே தெரிவதில்லை. போரில் காலிழந்து பொய்க்காலோடு வயலுக்குப் போகிறவர்களின் உரசல் புண்ணையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

சிக்கல் சிகிச்சையில் இருக்கிறது. கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் பல இதில் வேலை செய்யாது. நுரையீரலில் வந்தால் காசநோய் என்று தவறாக எண்ணப்படலாம். சரியாகக் கண்டுபிடித்தாலும் குறைந்தது 10 முதல் 14 நாள் செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, பிறகு சுமார் 3 மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது இலகுவாகிவிட்டது, உண்மைதான். ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்து தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு, இரண்டு கிழமை வார்ட்டில் கிடப்பதென்றால் அத்தனை நாளும் வீட்டில் உலை ஏறாது.

‘பூட்ஸ் போடுங்கள்’ என்பது நல்ல அறிவுரை. முழங்கால் சேற்றில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பூட்ஸ் சேற்றோடு போய்விடும். அதைவிட, விதைப்புக்கு முன்னரே நீரிழிவு கிளினிக்கில் ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்ப்பதும், கிராமப்புற வைத்தியசாலைகளிலும் இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து அனுப்ப வசதி செய்வதும் அதிகம் உதவும்.

அது வரும்வரை, சேற்றில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலோ கட்டியோ வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்க வேண்டாம். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “சீனி வருத்தம் இருக்கு, போன கிழமை வயலுக்குள்ள நிண்டனான்.”