படிக்காமல் 'டிக்' போடாதே, தம்பி

போன மாதம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நம் தம்பி ஒருவன் போனை நீட்டினான். முதல் தலைமுறைப் பட்டதாரி. "அக்கா, ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு நான் எழுதின நிரலை எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மட்டும் சம்மதம் குடுக்கணுமாம்." ஆங்கிலத்தில் நீளமான ஒப்பந்தம். படித்தாயா என்றேன். "கோச்சிங் சார், அது சும்மா சம்பிரதாயம், டிக் பண்ணிடு, ரெஸ்யூமுக்கு நல்லதுன்னாரு."

சம்பிரதாயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். சாவு சொல்லப் போனதும், செத்த மாட்டைத் தூக்கியதும், பறையடித்ததும் சம்பிரதாயம் என்று சொல்லித்தானே நம் தாத்தாக்களிடம் வேலை வாங்கினார்கள்? கூலி கேட்டால் திமிர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் வதன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தது, மகர்களைப் பரம்பரைச் சேவகத்தில் கட்டிப்போட்ட இப்படியொரு வழக்கத்தை உடைக்கத்தான். எந்த நிபந்தனையில் உழைக்கிறோம் என்ற கேள்வி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏன் மறந்துபோகிறது?

கட்டற்ற மென்பொருளை நான் எதிர்க்கவில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுத்தருகிறது. அந்த உழைப்புக்கு என் வணக்கம். என் சண்டை, 'படிக்காதே, கொடு' என்று சொல்லும் ரெஸ்யூம் வியாபாரிகளோடு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். எழுதிய நொடியே அது உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமையைப் பிரிவு 57 காக்கிறது. ஆனால் பிரிவு 17ஐயும் படியுங்கள்: சம்பள வேலையில் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ராத்திரி சொந்த லேப்டாப்பில் எழுதுவதையும் கேட்கும் நியமன ஆணைகள் உண்டு. சென்னையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

இனி லைசென்ஸ். எம்.ஐ.டி. லைசென்ஸில் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் எடுத்து, மூடி, விற்கலாம். பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜி.பி.எல். அப்படி விடாது. மாற்றி விநியோகித்தால், வாங்கியவருக்கு மூல நிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. எழுதியவர்கள் உரிமையை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான உரிமையாளர்களின் சம்மதம் இல்லாமல் அதை யாராலும் மூட முடியாது.

டெராஃபார்ம் கதை வேறு. உலகெங்கும் பலர் சும்மா எழுதிக்கொடுத்த மென்பொருள். ஆனால் ஹாஷிகார்ப் நிறுவனம் அவர்களிடம் ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில், இனி வரும் பதிப்புகளுக்கு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் இல்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐ.பி.எம். சொன்னது. சும்மா எழுதிக்கொடுத்தவர்கள் அதில் பங்கு கேட்க முடியுமா? பழைய நிரலை வைத்து ஓப்பன்டோஃபு என்று தனியாகத் தொடங்கியவர்களால் அதைச் செய்ய முடிந்ததும், பழைய லைசென்ஸ் அதற்கு இடம் கொடுத்ததால்தான்.

இன்னொன்று: ஜி.பி.எல். நிரலை அள்ளி, கம்பெனியின் மூடிய ப்ராஜெக்ட்டில் ஒட்டாதீர்கள். லைசென்ஸே போடாத நிரல் பொதுச்சொத்தும் அல்ல. மாட்டினால் மேனேஜர் கையை உங்கள் பக்கம்தான் நீட்டுவார்.

'வேலை இல்லாதவனுக்கு இந்தக் கொள்கையெல்லாம் கட்டுப்படியாகுமா?' என்று கேட்பீர்கள். நியாயம். சில நேரம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அன்று பேருந்தில் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். விக்கிரவாண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. உரிமையை முழுதாக எழுதி வாங்கவில்லை. ஆனால் எந்த லைசென்ஸுக்கும் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். மாற்றினாலும் ஓப்பன் சோர்ஸாகவே வைப்பீர்களா என்று அவர்களிடமே கேட்டு எழுதினான் தம்பி. இதுவரை பதில் வரவில்லை. அவனும் டிக் போடவில்லை.